பழைய எஃகுப் படகை வாங்கலாமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கையிருப்பைக் கரைக்கும் காரியங்களுள் இவ்விரண்டையும் அவர்கள் முதன்மையாகக் கருதினர். எஃகுப் படகு அவர்கள் அறியாத பொருள். அறிந்திருந்தால், "பழைய படகைப் புதுக்கிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பர்.

மும்பை, கொல்கத்தா, விசாகப்பட்டினம், கொச்சி, கோவா ஆகிய இடங்களில் குடியேறி வாழும் தமிழர்களுள் துறைமுகங்களையும் கப்பற் பட்டறைகளையும் சார்ந்து வாழ்வோர் பலர். பணியாற்றி ஓய்ந்த இழுவைப் படகு ஒன்றோ, பார்ஜ் எனப்படும் சரக்குத் தோணி ஒன்றோ விலைக்கு வந்திருக்கிறது என்னும் செய்தி அந்நகரங்களில் அவ்வப்போது காதில் விழும். "நல்ல இரும்பு, மேலே நான்கு அறைகள் கட்டினால் மிதக்கும் விடுதி ஆகிவிடும்" என்று நண்பர் ஒருவர் கூறுவார். ஓய்வுபெற்ற வேளையில் சேமநிதிப் பணம் கையில் இருப்பவர்க்கு மனம் அசையும். ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பும், பின்னர் அப்படகில் ஏறப்போகும் மக்களின் உயிரும் இம்முடிவைப் பொறுத்தவை. ஆதலின் இதனை நிதானமாக ஆராய்வது தகும்.

இத்தகைய படகுகள் எங்கிருந்து விலைக்கு வருகின்றன என்பதை முதலில் பார்ப்போம். கோவாவில் மாண்டோவி, சுவாரி என்னும் இரு நதிகளின் வழியே இரும்புத் தாதுவை மர்மகோவாத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றவை எஃகுத் தோணிகளே. 2012-ஆம் ஆண்டில் சுரங்கத் தொழில் தடை செய்யப்பட்டது. பின்னர் ஓரளவு தொடங்கி, 2018-இல் மீண்டும் நின்றது. தாது இல்லாதபோது தோணிக்கு வேலை ஏது? பல தோணிகள் கரையோரங்களில் கட்டுண்டு கிடந்தன. பல உடைப்பதற்கு விற்கப்பட்டன. தொழில் நின்றதும் உடையவர் முதலில் நிறுத்துவது பராமரிப்புச் செலவையே. ஆகவே விலைக்கு வரும் படகின் வயதைக் கேட்பது போதாது. அது எத்தனை ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதையும் கேட்க வேண்டும். உழைத்த பத்தாண்டுகளைவிடச் சும்மா கிடந்த ஐந்தாண்டுகள் படகுக்குக் கெடுதல் செய்திருக்கக் கூடும்.

எஃகின் பகை துரு. இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் கடலில் இச்செயல் விரைவு பெறுகிறது. பூச்சு இல்லாத சாதாரண எஃகு கடல்நீரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேயும் என்பது பொதுக் கணக்கு. இது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆயின் துரு எங்கும் ஒரே சீராக அரிப்பதில்லை. சில இடங்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகளாக ஆழ இறங்கும். படகைத் துளைப்பவை அக்குழிகளே. எஃகு உடலுக்கு அருகில் வெண்கலச் சுழல்விசிறி இருந்தாலும், கரையிலிருந்து வரும் மின் இணைப்பில் கசிவு இருந்தாலும் அரிப்பு பன்மடங்கு பெருகும். இதைத் தடுக்கவே படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். துத்தநாகம் தான் கரைந்து எஃகைக் காக்கிறது. கட்டிகள் முற்றிலும் கரைந்த பின்னரும் மாற்றப்படாதிருப்பின், உடையவரின் கவனக் குறைவுக்கு வேறு சான்று வேண்டா.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். துருவின் பருமன், அது தின்ற எஃகின் பருமனைவிடப் பல மடங்கு பெரியது. எனவே செதில் செதிலாகத் துருவேறி அச்சுறுத்தும் படகின் தகடு உள்ளே திடமாக இருத்தல் கூடும். அதற்கு மாறாக, புதுப் பூச்சுடன் பளபளக்கும் படகு ஐயத்துக்கு உரியது. விற்பனைக்கு முதல் மாதம் பூசிய வர்ணம் எதை மறைக்கிறது என்று கேட்பதே விவேகம்.

மேலும், நம்மில் பலர் படகை வெளியே சுற்றிப் பார்த்துத் திருப்தி அடைகின்றனர். வெளிப்புறத்தை அவ்வப்போது சுரண்டிப் பூசுவர். உட்புறத்தின் அடிவயிற்றையோ எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் அடியிலும், நன்னீர்த் தொட்டியின் பின்னாலும், கழிவறையின் கீழும், விலாச்சட்டங்கள் தகட்டோடு சேரும் மூலைகளிலும் எண்ணெயும் நீரும் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும். ஆகவே பல பழைய படகுகள் உள்ளிருந்து வெளியே அழிகின்றன. அடியில் சிமெண்டு கொட்டி மெழுகியிருந்தால், அதை ஓரிடத்திலேனும் உடைத்துப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் அதுவே நமக்கு விடை.

இனிச் சோதனை முறையைக் காண்போம். முதலாவது, படகைக் கரையேற்ற வேண்டும். நீரில் மிதக்கும் படகைப் பார்த்து முன்பணம் கொடுப்பது, உறைக்குள் இருக்கும் கத்தியின் கூரைப் புகழ்வது போன்றது. இரண்டாவது, விற்பவருக்கு வேண்டியவர் அல்லாத கப்பல் சர்வேயர் ஒருவரை நாமே அமர்த்த வேண்டும். அவர் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு மணிபோல் ஒலிக்கும். நைந்த தகடு மந்தமாக ஒலிக்கும். அடுத்து, மீயொலிக் கருவியால் தகட்டின் தடிப்பை அளப்பார். தகட்டைத் துளைக்காமல் ஒரு புறமிருந்தே அளக்கும் கருவி இது. நீர்மட்டக் கோடு, அடிவயிற்று வளைவு, ஏரா எனப்படும் அடித்தண்டின் இருமருங்கு, பின்புறச் சுழல்விசிறிப் பகுதி ஆகிய இடங்களில் நெருக்கமாக அளக்க வேண்டும். நல்ல இடங்களில் பத்து அளவுகள் எடுத்துக் கொடுக்கும் அறிக்கையால் பயனில்லை.

அளவுகள் கைக்கு வந்தபின் கணக்கு எளிது. மூலத் தடிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் அத்தகட்டை மாற்ற வேண்டும் என்பது தொழிலில் பெருவழக்கான நெறி. 8 மில்லிமீட்டர் தகடு 6-ஆகவும், 6 மில்லிமீட்டர் தகடு நாலரையாகவும் இளைத்துவிட்டால் அதன் காலம் முடிந்தது என்க. 20 மீட்டர் நீளமுள்ள படகில் நீருக்கு அடியிலுள்ள பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர் என்று கொள்வோம். அதில் கால் பங்கை மாற்ற வேண்டுமாயின் 25 சதுர மீட்டர் தகடு வேண்டும். 6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ நிறை கொண்டது. ஆகப் புதுத் தகடு மட்டும் 1 டன்னுக்கும் மேல். ஆனால் செலவின் பெரும்பகுதி எஃகுக்கு அன்று. உள்ளே உள்ள அறைகளைப் பிரிப்பது, தொட்டிகளை அகற்றுவது, பழைய தகட்டை வெட்டுவது, விலாச்சட்டங்களைச் சீர்செய்வது, வெல்டிங் செய்வது, மணல் வீச்சால் துப்புரவாக்கி அடுக்கடுக்காகப் பூச்சுப் பூசுவது, இத்தனைக்கும் படகு கரையில் கிடக்கும் நாட்களுக்கு வாடகை கொடுப்பது ஆகியவற்றுக்கே பணம் கரைகிறது. வாங்கிய விலை இவற்றின் முன் சிறு தொகையாகிவிடுவது வழக்கம்.

"பழைய தகட்டை வெட்டுவானேன்? அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் செய்துவிடலாமே" என்று பட்டறைக்காரர் யோசனை சொல்லக்கூடும். ஓரிரு சதுர அடிக்கு இது பொருந்தும். அடிப்பகுதி முழுவதற்கும் இவ்வாறு செய்தால் மேற்சொன்ன படகின் நிறை 4.7 டன் கூடி, அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். இரு தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் துரு மறைவிலிருந்து தன் வேலையைத் தொடரும். மிகப் பழைய படகாயின், தகடுகள் ரிவெட்டு ஆணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். வெல்டிங் சூட்டில் அருகிலுள்ள ஆணிகள் தளர்ந்து புதிய கசிவுகள் தோன்றும். பழைய வர்ணங்களில் ஈயமும், இயந்திர அறையின் வெப்பக் காப்பில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸும் இருத்தல் கூடும். இரண்டின் தூளும் சுவாசத்துக்கு நஞ்சு. ஆதலால் சுரண்டும் வேலையைத் தக்க பாதுகாப்பின்றிக் கூலியாட்களிடம் விடுவது பெரும் பிழை.

உடல் திடமாக இருப்பினும், அதன் மேல் எதைக் கட்டுகிறோம் என்பது வேறொரு வினா. கனத்தை அடியில் ஏற்றிச் செல்வதற்கென அமைந்தது சரக்குத் தோணி. அதன் மேல் இரண்டு அடுக்கு அறைகளும் கூரையும் அமைத்து, கூரைமேல் மக்களையும் ஏற்றினால் கனத்தின் மையம் உயர்ந்துவிடும். அப்போது சாய்ந்த படகு நிமிராது. 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மீன்பிடிப் படகாக இருந்ததைப் பயணிகளுக்காக மாற்றியமைத்தனர் என்றும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினர் என்றும் செய்திகள் வெளிவந்தன. ஆகையால், கட்டுமானத்தை மாற்றுமுன் கப்பற் கட்டட நிபுணர் ஒருவரைக் கொண்டு கணக்கிடுவதும், முடிந்தபின் சாய்வுச் சோதனை செய்வதும் இன்றியமையாதவை. தெரிந்த நிறைகளைத் தளத்தின் ஒருபுறமிருந்து மறுபுறத்துக்கு நகர்த்தி, படகு எவ்வளவு சாய்கிறது என்று அளப்பதே அச்சோதனை.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. இயந்திரத்தால் செல்லும் கலங்களுக்குச் சோதனைச் சான்றிதழ், பதிவு, காப்புறுதி ஆகியவற்றை அது கட்டாயமாக்குகிறது. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு நாடெங்கும் செல்லும் என்பது பிற மாநிலங்களில் வாழும் நமக்குப் பயனுள்ள விதி. பழைய பதிவுப் பத்திரம் இல்லாத படகு, தாய்ப்பத்திரம் இல்லாத மனை போன்றது. விலை எவ்வளவு குறைவாயினும் அதனைத் தொடலாகாது.

பெரிய கலங்களின் வரலாற்றிலிருந்தும் நாம் கற்கலாம். 1961-இல் நம் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், 1997-இல் ஓய்வு பெற்றது. 2001 முதல் மும்பையில் அது மிதக்கும் அருங்காட்சியகமாக விளங்கியது. நாடே போற்றிய அக்கலமும், பாதுகாப்புக் கருதி 2012-இல் பார்வையாளர்க்கு மூடப்பட்டு, காக்கும் செலவை ஏற்க வழி காணப்படாமையால் 2014-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. விசாகப்பட்டினத்தில் நிகழ்ந்ததோ வேறு. குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பல் 2001-இல் ஓய்வு பெற்றதும், கடற்கரை மணலில் ஏற்றி நிறுத்தப்பட்டது. 2002 முதல் மக்கள் அதற்குள் சென்று பார்த்து வருகின்றனர். நிலத்தில் நின்றாலும் உப்புக் காற்று அதனை விடுவதில்லை. ஆயினும் அதன் அடிப்பகுதியைக் கண்ணால் கண்டு சீர்செய்ய முடிகிறது. நீரிலேயே கிடக்கும் எஃகை இவ்வாறு காக்க இயலாது.

கொல்கத்தாவில் 1940-களில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த போபால் என்னும் சக்கரத் துடுப்பு நீராவிக் கலத்தைத் துறைமுகத்தார் விற்றுவிடவில்லை. நீண்ட காலக் குத்தகைக்கு விட்டுத் தனியார் ஒருவரைக் கொண்டு புதுப்பித்தனர். உடைமை ஒருவரிடமும் முதலீடு மற்றொருவரிடமும் இருக்கும் இம்முறை, வாங்கத் தயங்குவோர்க்கு நல்ல வழி காட்டுகிறது. அண்டை நாடாகிய வங்காளதேசத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1994-இல் ஈவ் மார் என்னும் பிரெஞ்சு மாலுமி, பிரான்சில் ஓய்ந்துபோன ஆற்றுச் சரக்குப் படகு ஒன்றைத் தாமே செலுத்தி அங்கே கொண்டு சேர்த்தார். சில ஆண்டுகளில் அது மிதக்கும் மருத்துவமனையாக மாறி, மருத்துவ வசதியற்ற ஆற்றுத் திட்டுகளில் வாழும் ஏழை மக்களுக்குத் தொண்டாற்றத் தொடங்கியது. ஆற்றுத் திட்டுக்கு வேறு எவ்வழியிலும் மருத்துவமனை செல்ல முடியாது; படகே தேவையாயிற்று. தேவை நிலைத்திருந்தமையால் படகும் நிலைத்தது.

ஆக, வாங்க எண்ணுவோர் தம்மைத் தாமே வினவ வேண்டியவை நான்கு. தடிப்பு அறிக்கை கையில் உள்ளதா? படகைக் கட்டிவைக்கவும் கரையேற்றவும் அருகில் இடம் உண்டா? புதுப்பிக்கும் செலவுக்கு மேல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையேற்றிப் பூசும் செலவுக்கு நிலையான வருவாய் உண்டா? இப்படகு செய்யப்போகும் வேலையை நிலத்திலுள்ள ஒரு கட்டடமோ புதிய சிறு படகோ குறைந்த செலவில் செய்துவிடாதா? நான்காவது வினாவுக்குத் திருத்தமான விடை கிடைக்காவிடில், முதல் மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தும் பயனில்லை. விடைகள் நான்கும் சாதகமாயின் தயங்க வேண்டியதில்லை. தக்கபடி காக்கப்பெற்ற எஃகு மனிதரின் ஆயுளைக் கடந்தும் உழைக்கும். அவ்வாறின்றி ஆசை ஒன்றே காரணமாயின், சர்வேயருக்குக் கொடுத்த கட்டணத்தை இலாபமாகக் கருதி வீடு திரும்புவது நன்று. அத்தொகை, பின்னாளில் கப்பல் கவிழ்ந்தாற்போலக் கன்னத்தில் கைவைத்து அமராதிருக்க நாம் கொடுத்த விலையாகும்.