மரை பொருந்தாத புகைக்குழாய்: முறுக்குமுன் அளந்து பார்ப்போம்

ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்தின் முன்னே நிற்கும் பழைய காருக்குப் புதிய புகைக்குழாய் மாட்டும் வேலை நடைபெறுகிறது. பட்டணத்துக் கடையில் வாங்கி வந்த மாற்றுக் குழாய் அது. அசல் குழாயைவிட விலை குறைவு, பார்வைக்கும் குறையில்லை. நட்டை வைத்துச் சுற்றினால் முதல் சுற்று எளிதாகச் செல்கிறது. இரண்டாம் சுற்று இறுகுகிறது. மூன்றாம் சுற்றில் நட் நின்றுவிடுகிறது. "துருவாக இருக்கும், இன்னும் கொஞ்சம் முறுக்கு தம்பி" என்கிறார் அருகில் நிற்கும் அண்ணன். ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி ஓங்கி இழுக்கிறார்கள். 'டக்' என்ற ஒலியுடன் ஸ்டட் முறிந்து கையோடு வருகிறது.

சில காசு பெறுமான நட் ஒன்றை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம், இப்போது இயந்திரத்தின் தலைப்பகுதியையே பட்டறைக்கு அனுப்பும் செலவாக வளர்ந்துவிட்டது. பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகளுக்கு இந்தப் பாடம் புதிதன்று. அளவு தெரியாமல் அழுத்தினால் கத்தி பட்டையைக் கடந்து மரத்தைக் காயப்படுத்திவிடும். அந்த வடு பின்னர் வெட்டுக்கு இடையூறாக நிற்கும். மரையும் அவ்வாறே. அங்கும் அளவே முதன்மை, வலிமை பின்னரே.

மரையின் இரு அளவுகள்

போல்ட்டின் உடலிலும் நட்டின் உட்புறத்திலும் சுருளாக ஓடும் வரிப்பள்ளத்தையே மரை என்கிறோம். அதற்கு முக்கியமான அளவுகள் இரண்டு. ஒன்று, போல்ட்டின் விட்டம். மற்றொன்று, ஒரு வரியின் முகட்டிலிருந்து அடுத்த வரியின் முகடு வரை உள்ள தூரம். இதனைப் பட்டறைகளில் 'பிட்ச்' என்பர். விட்டம் ஒன்றாக இருந்து பிட்ச் மாறினாலும் நட் பொருந்தாது. பெரும்பாலான தொல்லைகள் இங்கேதான் தோன்றுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் புகைக்குழாயை இணைக்கும் ஸ்டட் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மில்லிமீட்டர் பிட்ச்சும் கொண்டது. ஆனால் இரும்புக் கடையில் 10 மில்லிமீட்டர் நட் என்று கேட்டால், பொதுவாகக் கிடைப்பது 1.5 பிட்ச் கொண்டது. ஒவ்வொரு வரிக்கும் கால் மில்லிமீட்டர் விலகல். இரண்டு வரிகள் கடந்ததும் அது அரை மில்லிமீட்டராகிறது. அப்போது பள்ளத்தில் அமர வேண்டிய வரி, மற்றொரு வரியின் மீது ஏறி நிற்கிறது. முதல் சுற்று எளிதாகச் சென்று பின்னர் நட் இறுகுவதன் காரணம் இதுவே.

அங்குல அளவுகளும் நம்மைக் குழப்புவதுண்டு. நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கு வழிசெய்த எடைகள் அளவைகள் சட்டம் 1972-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எனினும் தோட்டத்து ஆலைகளின் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய அங்குல போல்ட்டுகள் இன்றும் தகரப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் சாதாரண 8 மில்லிமீட்டர் மரையின் பிட்ச் 1.25, அங்குலத்துக்கு 18 வரிகள் கொண்ட 5/16 போல்ட்டின் பிட்ச்சோ ஏறத்தாழ 1.41. ஒன்றில் மற்றொன்றை முறுக்கினால் இரண்டும் கெடும்.

வீட்டிலேயே அளக்கலாம்

பிட்ச் அளவி என்னும் பல் தகடுகளின் தொகுதி கையில் இருந்தால் நன்று. இல்லையெனில் ஓர் அடிக்கோல் போதும். போல்ட்டின் ஒரு முகட்டில் தொடங்கிப் பத்து இடைவெளிகளை எண்ணுங்கள். அந்தத் தூரம் 10 மில்லிமீட்டரானால் பிட்ச் 1, பன்னிரண்டரையானால் 1.25, 15 ஆனால் 1.5. வேறொரு சோதனையும் உண்டு. அளவு தெரிந்த போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரு சீப்புகளின் பற்களைப் போல் வரிகள் முழுவதும் கோத்து நின்றால் பிட்ச் ஒன்றே. இடையே வெளிச்சம் தெரிந்தால் அவை வேறு.

இதனினும் எளிய வழி, கடைக்குச் செல்லும்போதே பழைய நட்டையும் போல்ட்டையும் உடன் கொண்டு செல்வதாகும். காசு கொடுக்குமுன் கடையிலேயே கையால் சுற்றிப் பார்த்துவிடலாம்.

அளவு சரி, ஆனாலும் ஏறவில்லை

பிட்ச் சரியாக இருந்தும் நட் ஏறாவிட்டால் மூன்று காரணங்களை ஆராய வேண்டும்.

முதலாவது, அழுக்கும் துருவும். கம்பித் தூரிகையால் வரிகளைத் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயை இட்டுச் சில மணி நேரம் ஊற விடுக. இயந்திரம் நன்கு குளிர்ந்த பிறகே இவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, புதிய பாகத்தின் மரையிலேயே படிந்த பெயிண்டும் வெல்டிங் துளிகளும். ஆக்சிஜன் சென்சார் பொருத்தும் துளையில் இதனை அடிக்கடி காணலாம். கார்களில் அந்த மரை பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 பிட்ச்சும் கொண்டது. வெல்டிங் சூட்டில் துளை சற்றுக் கோணினாலும் சென்சார் பாதியில் சிக்கும். குழாயைக் காரிலிருந்து கழற்றி வைத்து, அதே அளவுள்ள டேப்பை எண்ணெயிட்டுக் கையால் அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகச் செலுத்தினால் வரிகள் தூய்மையாகும். ஆயினும் பிட்ச் மாறிய துளைக்கு டேப் போட்டுச் சரிசெய்ய முயலலாகாது. பழைய வரியும் புதிய வரியும் ஒன்றையொன்று அறுத்து, பிடிமானமே இல்லாமற் போகும்.

மூன்றாவது, துளைகள் நேராக அமையாமை. மாற்றுக் குழாயின் தட்டில் துளை சற்று விலகியிருந்தால் நட் சாய்வாக ஏறி மரையைக் கடிக்கும். ஆகவே எந்த நட்டையும் முதலில் இறுக்கக் கூடாது. எல்லா நட்டுகளையும் விரலால் மூன்று சுற்றேனும் ஏற்றிய பின்னர், முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குக. அப்போதும் பொருந்தாவிடில் தட்டின் துளையை உருண்டை அரத்தால் சற்று அகலமாக்கலாம். ஸ்டட்டை நெம்பி வளைக்க வேண்டாம்.

அலுமினியத் தலையில் மரை தேய்ந்து போயிருந்தால், கம்பிச்சுருள் வைத்துப் புதிய மரை அமைக்கும் முறை உண்டு. அதனைத் தேர்ந்த பட்டறையிடம் விடுவதே நன்று. மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்க. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அந்த ஸ்டட் 6 மில்லிமீட்டரே. மெலிந்த அதனை முறிக்க ஒரு கையின் வலிமையே மிகுதி.

கசிவு சிறிது, ஆபத்து பெரிது

"நட் பாதிதான் ஏறியது, ஓடினால் போதும்" என்று விட்டுவிடுவோரும் உளர். செம்மண் பாதையின் குலுக்கலில் அந்த நட் கழன்றுவிடும். கேஸ்கட் வழியே புகை கசியும். அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை மூடிக்கொண்டு மழையில் செல்லும் காருக்குள் அது புகுந்தால் முதலில் தலைவலி, பின்னர் மயக்கம். மிகுந்தால் உயிருக்கே கேடு. பின் இருக்கையில் உறங்கும் குழந்தைக்கு உறக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வேறுபாடு தெரியாது. பெற்றோருக்கும் தெரியாமற் போகலாம்.

குழாய் மாட்டியதும் திறந்த வெளியில் இயந்திரத்தை ஓடவிட்டு, இணைப்புகளில் 'டிக் டிக்' என்ற ஓசை வருகிறதா எனக் கேளுங்கள். சில நாள் கழித்து இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, இணைப்பைச் சுற்றிக் கரிப்புகை படிந்துள்ளதா எனப் பார்த்து, நட்டுகளை மீண்டும் சோதியுங்கள். காரின் அடியில் படுத்து வேலை செய்வோர் ஜேக்கை மட்டும் நம்புதல் கூடாது, செங்கல்லையும் அடுக்கலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளின் மீது காரை நிறுத்திய பிறகே கீழே செல்ல வேண்டும்.

மரை நம்மோடு விரல் வழியே பேசுகிறது. எளிதாகச் சுழன்றால் சரி என்கிறது. இறுகினால் நில் என்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அடிக்கோலை எடுப்பவர், தம் பணத்தையும் காக்கிறார். தம் குடும்பத்தையும் காக்கிறார்.