சீட்டைக் கிழிக்கவும் ஆள் வேண்டும்

காலைப் பெரட்டில் கிராணியார் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருகிறார்: ‘கிழக்குப் பக்கத்து மரங்களுக்கு உரம் போடவும்.’ வேலை முடிந்த பின்னும் அந்தச் சீட்டு கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மறுநாளும் அங்கேயே உரம் விழும், மரம் கெடும். ஆகவே, சீட்டு எழுதுவதைப் போலவே அதைக் காலத்தோடு கிழிப்பதும் முக்கியம்.

நம் குடலில் வாழும் இ.கோலி என்ற பாக்டீரியாவுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். அதன் பரம்பரைக் குறிப்புகள் டி.என்.ஏ. என்ற பெரிய ஏட்டில் உள்ளன. அதில் வேண்டிய பகுதியை மட்டும் படியெடுத்துச் செல்லும் சீட்டுக்குத் ‘தூது ஆர்.என்.ஏ.’ என்று பெயர். 1961-ல் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தனர். இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் புரதங்கள் செய்யப்படுகின்றன. பாக்டீரியாவில் பெரும்பாலான சீட்டுகளின் ஆயுள் சில நிமிடங்களே!

கிழிப்பவர் யார்? நொதிகள் எனப்படும் புரதங்கள். பல சீட்டுகளின் தலைப்பில் மூன்று பாஸ்பேட்டுகள் முத்திரைபோல் இருக்கும். ஆர்.பி.பி.எச். என்ற நொதி அவற்றில் இரண்டை நீக்கிவிடும். முத்திரை குறைந்த சீட்டை ஆர்.என்.ஏஸ்-இ என்ற நொதி எளிதில் பிடித்து வெட்டும். வேறு நொதிகள் துண்டுகளைப் பொடியாக்கும். அந்தப் பொடியும் வீணாவதில்லை. புதிய சீட்டுகளுக்கு அதுவே மூலப்பொருள்.

இதனால் என்ன பயன்? உள்ளே வந்த சர்க்கரை செலவாகாமல் தேங்கினால், அது பாக்டீரியாவுக்கு நஞ்சாகும். அப்போது எஸ்.ஜி.ஆர்.எஸ். என்ற சிறிய ஆர்.என்.ஏ. தோன்றி, ‘சர்க்கரை வாசல் கட்டு’ என்று சொல்லும் சீட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆர்.என்.ஏஸ்-இ வந்து அந்தச் சீட்டை வெட்டும். புதிய வாசல்கள் எழாது, பாக்டீரியா பிழைக்கும்.

வெட்டுகிறவருக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆர்.என்.ஏஸ்-இ அளவுக்கு மேல் பெருகினால், தன்னைச் செய்யச் சொல்லும் சீட்டையே அதிகமாக வெட்டித் தன் தொகையைக் குறைத்துக்கொள்ளும். அதற்காக அது இல்லாமலே போகவும் கூடாது. அந்த நொதி இல்லாவிட்டால் இ.கோலி வளராது.

நம் உடலின் உயிரணுக்களிலும், வேறு நொதிகளைக் கொண்டு, சீட்டுகள் இவ்வாறே அழிக்கப்படுகின்றன. 2021-ல் மலேசியாவில் போடப்பட்ட பைசர் கோவிட் தடுப்பூசியில் இருந்ததும் ஒரு தூது ஆர்.என்.ஏ. சீட்டுத்தான். எளிதில் சிதையும் பொருள் என்பதால்தான் அதைக் கடுங்குளிரில் காக்க வேண்டியிருந்தது. ‘அந்த ஊசி மருந்து காலமெல்லாம் உடம்பில் தங்கிவிடுமாமே!’ என்று வீட்டில் யாரேனும் அஞ்சினால், பெற்றோர்களே, இந்தச் சீட்டுக் கதையைச் சொல்லுங்கள். வேலை முடிந்த சீட்டை உடல் கிழித்துவிடும். பெரிய ஏட்டில் அது ஒரு எழுத்தையும் மாற்றாது.