மனச்சோர்வில் மங்கும் அறிவாற்றல்

புனே நகரின் கிழக்கே, ஹடப்சரை அடுத்து மகர்பட்டா என்னும் பகுதி உள்ளது. விளைநிலமாயிருந்த ஏறத்தாழ 400 ஏக்கரில், நிலவுடைமையாளரான விவசாயிகளே ஒன்றுகூடி அமைத்த நகரம் அது. இன்று அங்கு கம்ப்யூட்டர் நிறுவனங்கள் நிறைந்துள்ளன. கவனமும் ஞாபகமுமே அங்குப் பணிபுரிவோரின் கருவிகள். இவை மங்கினால், சோம்பல் என்று பிறர் எண்ணுவது எளிது. வகுப்பறையிலும் இவ்வாறே நேர்கிறது. எனினும், அது நோயின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும்.

கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானோருள் ஒரு சாராரிடம் பிரமையும் சேர்ந்து தோன்றுகிறது. செய்யாத பாவத்தைச் செய்துவிட்டதாகவும், குடும்பம் வறுமையுற்று அழிந்ததாகவும், உடலுறுப்புகள் அழுகிவிட்டதாகவும் இவர்கள் உறுதியாக நம்புவர். சிலருக்குத் தம்மை நிந்திக்கும் குரல்கள் கேட்கும். எவ்வளவு எடுத்துரைத்தாலும் அந்நம்பிக்கை அகலாது.

இந்நோயாளரின் அறிவாற்றலை அளக்க எளிய சோதனைகள் உள்ளன. எண்களைக் கூறி, அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் செய்வது ஒன்று. ‘சிவப்பு’ என்னும் சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைக் கூறச் செய்வது மற்றொன்று. இதனை 1935-இல் ஸ்ட்ரூப் என்பார் வெளியிட்டார். பிரமையற்ற மனச்சோர்வினரைவிடப் பிரமையுற்றோர், சொற்களை நினைவிற்கொள்வதிலும், திட்டமிடுவதிலும், வேகத்திலும் பின்தங்குவதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

மனச்சிதைவு நோயிலும் இதே துறைகளே பழுதுறுகின்றன. ஆனால் அங்குக் குறை பொதுவாக மிகுதி. நோய் வெளிப்படுமுன்பே அது தலைகாட்டுவதும், பிரமை தணிந்த பின்னும் நீடிப்பதும் உண்டு. மனச்சோர்விலோ, உள்ளம் தெளியத் தெளிய அறிவும் பெருமளவு தெளிகிறது. சிலரிடம் மந்தம் ஓரளவு எஞ்சுவதும் உண்டு.

முதியோரிடம் இந்நோயை மறதி நோயென்று கொள்ளும் தவறு நேர்கிறது. மனச்சோர்வுற்றவர் தம் மறதியைத் தாமே எடுத்துரைத்து வருந்துவார். வினாவுக்குத் ‘தெரியாது’ என்பார். மறதி நோயாளரோ பெரும்பாலும் குறையை உணரார். ஏதேனுமொரு விடை கூறி மழுப்புவார். மேலும், மனச்சோர்வு சில வாரங்களில் முற்றுவது. மறதி நோய் பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. எனினும் இவ்விரண்டும் ஒருவரிடமே கூடியிருத்தலும் உண்டாதலால், முடிவுரைத்தல் மருத்துவரின் பொறுப்பாகும்.

பிரமையுடன் கூடிய மனச்சோர்வில் தற்கொலை அபாயம் பெரிது. ஆயினும் இது சிகிச்சைக்கு நன்கு இணங்கும் நோய். சோர்வு நீக்கும் மருந்தும் பிரமை நீக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. தேவையாயின் மயக்க மருந்தளித்து மின்சிகிச்சையும் செய்யப்படுகிறது. அச்சிகிச்சையால் சிறிது காலம் ஞாபகம் குன்றலாம். அதனை உறவினருக்கு முன்கூட்டியே விளக்குதல் நலம்.

புனேயின் எரவாடாவில் நூறாண்டு கடந்த அரசு மனநல ஆஸ்பத்திரி உள்ளது. ஆஸ்பத்திரி தொலைவிலுள்ள ஊர்களில், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். கிராமத்திற் செல்லும் ஊழியரும் ஆசிரியரும் நோய்க்குப் பெயரிட வேண்டுவதில்லை. நன்கு பணிபுரிந்தவர் சில வாரங்களில் மந்தமுற்று, தம்மைப் பாவியென்று பேசத் தொடங்கினால், அவரைக் கடிந்துகொள்ளாமலும் தனியே விடாமலும் உடனே மருத்துவரிடம் சேர்ப்பித்தலே அவர்தம் கடமை.