சுனை வற்றினால் காரணம் யார்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள பொதுக்கிணற்றில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியது. காரணம் என்ன என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "மழையே இல்லையே சார்" என்றனர் சிலர். "பக்கத்துல புதுசா போர் போட்டதாலதான் சார்" என்றனர் மற்றவர்கள். முந்தைய ஆண்டு நீர் எத்தனை அடியில் இருந்தது என்று கேட்டதும் வகுப்பே அமைதியானது. என்னிடமும் விடை இல்லை.

இதே கேள்வி நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய மலைச் சுனைகளுக்கும் எழுகிறது. அங்கே விடை தேடும் முறை நம் வகுப்பறைக்கு நல்லதொரு பாடம்.

மலைக்குள் நடப்பது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் பீடபூமியின் அடியில் நிலக்கரி வெட்டப்படுகிறது. அங்கு நீள்சுவர் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இயந்திரம் நிலக்கரிப் படுகையைச் சீவிக்கொண்டே முன்னேறும். பின்னால் காலியான இடத்தில் கூரைப் பாறை இடிந்து விழ விடப்படும். அதற்கு மேலுள்ள பாறையில் விரிசல் விடும். நிலப்பரப்பும் சற்றுத் தாழும். விரிசல் சுனைக்கு நீர் தரும் பாறை அடுக்கை எட்டினால் நீர் கீழே இறங்கிவிடலாம். இடையில் களிமண் கலந்த அடுக்குகள் இருந்தால், அவை நீரில் உப்பி விரிசலை அடைத்துவிடவும் கூடும். ஆகவே சுரங்கம் வந்தால் சுனை வற்றியே தீரும் என்றும் சொல்ல முடியாது. வற்றாது என்றும் சொல்ல முடியாது. அளந்துதான் அறிய வேண்டும்.

எதை அளக்கிறார்கள்?

சுனையில் நொடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது, அதன் வெப்பநிலை, அமில காரத்தன்மை, மின்கடத்துதிறன் ஆகியவற்றைப் பருவந்தோறும் குறிக்கிறார்கள். யூட்டா மலைகளில் பனி உருகும்போது சுனை பெருகும், பின்னர் குறையும். வறட்சி ஆண்டில் தானாகவே மெலியும். எனவே சுரங்கத்திலிருந்து தொலைவிலுள்ள சுனைகளையும் உடன் அளக்க வேண்டும். எல்லாச் சுனைகளும் ஒன்றாகக் குறைந்தால் வறட்சியைச் சந்தேகிக்கலாம். சுரங்கத்தின் மேலுள்ளது மட்டும் குறைந்தால் சுரங்கத்தைச் சந்தேகிக்கலாம்.

நீரின் வயதும் சாட்சி சொல்லும். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் டிரிட்டியம் கூடியது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். யூட்டாவில் ஆய்வு செய்தபோது சுனை நீரில் டிரிட்டியம் இருந்தது. சுரங்கங்களின் ஆழத்தில் கசிந்த நீர் பலவற்றில் அது இல்லை. கார்பன்-14 முறையில் அந்நீரின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எனத் தெரிந்தது. அந்த இடங்களில் சுரங்கத்தில் கசிந்தது சுனையின் நீர் அல்ல, பாறையில் நெடுங்காலம் தேங்கிய நீர். சுரங்க நீரில் டிரிட்டியம் தென்பட்டிருந்தால், மேலிருந்து புதுநீர் இறங்குகிறது என்று எச்சரிக்கை கொள்ளலாம். அரை ஆயுட்காலத்தை நடத்தும்போது இதைக் கணக்காகவே தரலாம்: 12 ஆண்டுகள் என்று கொண்டால், 60 ஆண்டுகளில் டிரிட்டியம் 32-இல் ஒரு பங்காகும்.

முன்கூட்டிய அளவீடு

அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், அனுமதிக்கு முன்பே நீர் விவரங்களைத் திரட்டச் சொல்கிறது. நிலத்தடிச் சுரங்கத்தால் வீட்டுக் கிணறோ சுனையோ பாதிக்கப்பட்டால், நிறுவனம் மாற்று நீர் தர வேண்டும் என்று 1992-இல் விதி வந்தது. ஆனால் முன்பு எவ்வளவு நீர் வந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், இழப்பைக் காட்டுவது கடினம்.

நம் பள்ளியில்

மலைப்பகுதிப் பள்ளிகளில் 10 லிட்டர் வாளியும் நிறுத்துக்கடிகாரமும் போதும். வாளி 20 நொடியில் நிரம்பினால் நொடிக்கு அரை லிட்டர். மூன்று முறை அளந்து சராசரி காணலாம். சமவெளிப் பள்ளிகளில் முடிச்சிட்ட கயிற்றால், ஆசிரியர் உடனிருக்க, கைப்பிடிச் சுவருள்ள கிணற்றில் மட்டும் அளக்கலாம்.

இந்த ஆண்டு எங்கள் மாணவர்கள் திங்கள்தோறும் பொதுக்கிணற்றையும், சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு கிணற்றையும் அளந்து, மழையளவோடு ஒரே நோட்டில் எழுதுகிறார்கள். அடுத்த கோடையில் அதே கேள்வியைக் கேட்கப்போகிறேன். இம்முறை பேசுவதற்கு முன் அவர்கள் நோட்டைத் திறப்பார்கள்.