ஐயமும் சான்றும்

இராமேசுவரம், பாம்பன் முதலிய ஊர்களில் வாழும் மீனவர்க்குக் கடல் ஒரு திறந்த ஏடு ஆகும். தொலைவில் பறவைகள் ஓரிடத்திற் கூடி வட்டமிடுமாயின், அங்கே மீன்கூட்டம் உண்டு என்று அவர்கள் அறிவர். நீரின் நிறம் வேறுபடுவது கொண்டு அதன் ஆழத்தையும் அடியிலுள்ள பாறையையும் உணர்வர். இங்ஙனம் கண்ணுக்குப் புலனாகும் குறிகளைக் கொண்டு புலனாகாத உண்மையை அறிதல் உய்த்துணர்தல் எனப்படும். புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனத் துணிவதும் இதுவே. இவ்வாற்றலையே உயிராகக் கொண்டு எழுந்தவை துப்பறியும் நாவல்கள்.

தமிழில் இவ்வகைக் கதைகள் நூறாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றன. தானவன் என்னும் துப்பறிவாளரைப் பற்றிய கதைகளை நடேச சாஸ்திரியார் 1894-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்கள் பலவற்றைத் தழுவித் தமிழில் எழுதினார். முன்னாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தேவகோட்டையில் 1926-ஆம் ஆண்டு பிறந்த தமிழ்வாணன், சங்கர்லால் என்னும் துப்பறிவாளரைப் படைத்து இளைஞர் பலரைப் படிக்கும் பழக்கத்திற்கு ஈர்த்தார். இவ்விலக்கிய வகைக்குப் பெரிதும் வழிகாட்டியவை பிரிட்டனில் தோன்றிய நாவல்களே. அவற்றின் சிறப்பு யாது, குறை யாது என்று ஆராய்தல் பயன் தரும்.

வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' என்னும் நாவல் 1868-இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து கவர்ந்து செல்லப்பட்ட வைரம் ஒன்று, ஆங்கில நங்கை ஒருத்திக்குப் பிறந்தநாட் பரிசாக வந்து, அன்றிரவே மறைந்துபோகிறது. முதலில் ஐயுறப்பட்டவர், அவ்வைரத்தை மீட்க வந்த மூன்று இந்தியர். அடுத்து ஐயுறப்பட்டவள், முன்னொரு காலத்தில் திருடிச் சிறை சென்று, பின்னர்த் திருந்திய பணிப்பெண். அன்றிரவு வைரத்தை எடுத்தவர் இவர்களுள் எவரும் அல்லர். புதிதாக வண்ணம் பூசிய கதவில் ஏற்பட்டிருந்த சிறு கறையே உண்மைக்கு வழிகாட்டியது. உள்ளூர்க் காவல் அதிகாரி அதனை அற்பம் என்று தள்ளினார். கஃப் என்னும் துப்பறிவாளரோ அதனைப் பெரிதாக மதித்தார். எனினும், சான்று முழுமை பெறுமுன் முடிவுக்கு வந்தமையால் கஃபும் ஓரிடத்தில் தவறினார். அறிவிற் சிறந்தோரும் அவசரத்தால் பிழைபடுவர் என்பதை மறையாது காட்டியது இந்நூலின் சிறப்பாகும்.

இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றவர் ஆர்தர் கானன் டாயில். மருத்துவரான அவர், எடின்பரோவில் தமக்கு ஆசிரியராக விளங்கிய ஜோசப் பெல்லின் கூர்நோக்கை நினைவிற்கொண்டு ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் பாத்திரத்தைப் படைத்தார். ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றிய நாவல் 1887-இல் வெளியாயிற்று. பின்னர் எழுதப்பட்ட ஒரு சிறுகதையில் பந்தயக் குதிரை ஒன்று இரவில் காணாமற் போகிறது. அங்குச் சுற்றித் திரிந்த அயலான் ஒருவன் சிறைப்படுகிறான். ஹோம்ஸோ, அவ்விரவு காவல்நாய் குரைக்கவில்லை என்பதைக் கருதினார். அயலானைக் கண்டிருப்பின் நாய் குரைத்திருக்கும் அன்றோ? ஆகவே, குதிரையைக் கொண்டு சென்றவர் அந்நாய்க்கு நன்கு பழகியவரே எனத் துணிந்தார். நிகழ்ந்தது மட்டுமன்றி, நிகழாததும் சான்றாகும் என்பதை இக்கதை தெளிவாக்குகிறது.

அடுத்த தலைமுறையில் அகதா கிறிஸ்டி, செஸ்டர்டன் முதலியோர் இத்துறையை வளர்த்தனர். துப்பறிவாளர் காணும் சான்று ஒவ்வொன்றையும் படிப்பவரும் காணுமாறு வைத்தல் வேண்டும் என்னும் நெறி அக்காலத்தில் வலுப்பெற்றது. ரொனால்டு நாக்ஸ் என்பார் 1929-இல் இத்தகைய விதிகள் பத்தினை வகுத்தார். நேர்மையான இவ்விதியே சிறந்த துப்பறியும் நாவலையும் வெறும் மர்மக் கதையையும் பிரித்துக் காட்டும் எல்லை எனலாம்.

இந்நூல்களுக்குக் குறைகளும் உண்டு. புதிரை அவிழ்ப்பதிலேயே கருத்தைச் செலுத்துவதால், கொலையுண்டவரின் துயரத்தைச் சில நூல்கள் மறந்துவிடுகின்றன. அயல்நாட்டாரை ஐயத்திற்கு உரியவராகக் காட்டும் பழக்கமும் அந்நாளைய நூல்கள் சிலவற்றில் காணப்படுகிறது.

இத்தகைய ஐயம் கதையில் மட்டும் நிகழ்வதன்று. இங்கிலாந்தில் வாழ்ந்த ஜார்ஜ் எடால்ஜி என்னும் வழக்கறிஞரின் தந்தை பம்பாயிலிருந்து குடியேறிய பார்சி மரபினர். கிறித்தவச் சமயக் குரு. நள்ளிரவில் வயல்வெளி சென்று மட்டக்குதிரை ஒன்றின் வயிற்றைக் கிழித்தார் என்று 1903-இல் ஜார்ஜின்மீது குற்றம் சுமத்தப்பட்டது. ஏழாண்டுக் கடுஞ்சிறையும் விதிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்டாராயினும், அவர்மேற் படிந்த பழி நீங்கவில்லை. கானன் டாயில் 1907-இல் அவரைக் காணச் சென்றார். எடால்ஜி செய்தித்தாளைக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு காட்சியே டாயிலுக்குப் போதுமானதாயிற்று. இத்துணைப் பார்வைக் குறைவுடையவர், காரிருளில் இருப்புப்பாதையையும் வேலிகளையும் கடந்து சென்று அச்செயலைச் செய்தல் எங்ஙனம் கூடும்? டாயில் இதனை நாளிதழில் எழுதி நாட்டோர்க்கு உணர்த்தினார். அவ்வாண்டிலேயே எடால்ஜி மன்னிக்கப்பட்டார். ஆயினும் இழப்பீடு யாதும் பெற்றிலர். குற்ற வழக்குகளுக்கு மேல்முறையீட்டு மன்றம் ஒன்று அவ்வாண்டு சட்டத்தால் அமைவதற்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுகோலாயிற்று.

தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மை புதியதன்று. இராமேசுவரத்திலிருந்து தெற்கே பரந்து கிடக்கும் மன்னார் வளைகுடா பண்டு முதல் முத்துக்குப் பெயர் பெற்றது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உண்மை அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும். பொற்கொல்லன் சொல்லை நம்பி, கோவலன் அயலூரான் என்பதையும் எண்ணாது, ஆராயாமல் தண்டித்தான் பாண்டியன். சான்று அவைக்கு வந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. பிழை உணர்ந்த மன்னனும் உயிர் துறந்தான். எடால்ஜிக்குக் காலம் கடந்தேனும் ஓர் ஆராய்ச்சியாளர் கிடைத்தார்; கோவலனுக்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை.

எனவே, துப்பறியும் நாவலைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதி ஒதுக்குதல் தகாது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அதன் ஒரு பயன். குற்றமற்றவரைக் காப்பது அதனினும் பெரிய பயன். வகுப்பில் ஒரு பொருள் காணாமற் போனால், ஏழை மாணவன்மீதோ புதிதாக வந்து சேர்ந்தவன்மீதோ விரல் நீட்டுதல் எளிது. அவ்வேளையில் பொறுத்திருந்து, "சான்று யாது?" என வினவுபவனே இந்நூல்களைப் பயனுறக் கற்றவன் ஆவான்.