இன்ஸ்டாகிராம் நம் படங்களை விற்கப் பார்த்ததா?

2012 டிசம்பர் 17 அன்று இன்ஸ்டாகிராம் தன் பயன்பாட்டு விதிமுறைகளை மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த நிறுவனம் ஃபேஸ்புக்கின் கைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நம்மைக் கேட்காமலே நம் படங்களை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஒரே நாளில் பரவிவிட்டது. நேஷனல் ஜியாகிரஃபிக் புதுப் படங்கள் போடுவதை நிறுத்திவைத்தது.

புதிய விதியில் படத்தை விற்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு நிறுவனம் பணம் கட்டினால் அதன் விளம்பரத்தோடு உங்கள் பெயரையும் படத்தையும் காட்டலாம், அதற்காக உங்களுக்கு எதுவும் தரமாட்டோம் என்றுதான் இருந்தது. இதுவே கோபப்பட வேண்டிய விஷயம். அதே விதிமுறைகளில், நம் படங்களைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு நாம் தரும் உரிமம் பற்றிய வரியும் இருந்தது.

அந்த வரி எதற்கு? நீங்கள் படத்தை ஏற்றியதும் செயலி அதைப் பல அளவுகளில் சுருக்குகிறது. பிரதிகள் பல ஊர் சர்வர்களுக்குப் போகின்றன. அதனால்தான் தொலைதூரத்து நண்பரின் போனிலும் படம் சட்டென்று திறக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை இவையெல்லாம் நகலெடுப்பதும் பொதுவில் காட்டுவதும்தான். உரியவரின் அனுமதி வேண்டும். உலகம் முழுக்கச் செல்லும், கட்டணமில்லாத உரிமம் என்று எழுதுவது அதற்காகவே. வீட்டை வாடகைக்கு விட்டாலும் பத்திரம் நம் பெயரில் இருப்பதுபோல, படம் உங்களுடையதாகவே இருக்கிறது. இந்த உரிமம் அவர்களுக்கு மட்டுமே என்று இல்லாதவரை, அதே படத்தை நீங்கள் வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம்.

கவனித்துப் படிக்க வேண்டியது, அந்த உரிமத்தை அவர்கள் பிறருக்கும் தரலாம் என்ற பகுதியை. ஒரு புகைப்படக்காரரின் இன்ஸ்டாகிராம் பதிவை மாஷபிள் தளம் தன் பக்கத்தில் பொருத்திக் காட்டியது. இந்தப் பகுதியை வைத்துத்தான் 2020இல் நியூயார்க் நீதிமன்றம் முதலில் அந்தத் தளத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சில வாரங்களில் அதே நீதிமன்றம் வழக்கை மீண்டும் திறந்தது.

2012இல் எதிர்ப்பு வலுத்ததும் இன்ஸ்டாகிராமின் இணை நிறுவனர் கெவின் சிஸ்ட்ரோம், படங்களை விற்கும் எண்ணமில்லை என்றார். டிசம்பர் 20 அன்று விளம்பரப் பகுதி 2010இன் பழைய வாசகத்துக்கே திரும்பியது. உங்கள் படத்தின் மேலோ அதையொட்டியோ விளம்பரம் வைக்கலாம், எந்த வகையில் என்பதைத் தனியாகச் சொல்லாமலே மாற்றலாம் என்பது அந்தப் பழைய வாசகம். புதியதைவிட அதற்குத்தான் எல்லை குறைவு. இதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2019இல், 'என் படங்களைப் பயன்படுத்த இன்ஸ்டாகிராமுக்கு அனுமதி இல்லை' என்ற அறிவிப்பைத் திரை நட்சத்திரங்களும் பகிர்ந்தார்கள். கணக்கு தொடங்கும்போது ஒத்துக்கொண்ட ஒப்பந்தத்தை ஒரு பதிவு போட்டு மாற்ற முடியாது. படத்தை அழிக்கலாம். அவர்களுடைய சேமிப்பிலிருந்தும் அது நீங்கியதும் உரிமம் முடிந்துவிடும் என்று இன்ஸ்டாகிராமின் விதிமுறையிலேயே இருக்கிறது.