பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி

மண்டபத்தையும் ராமேசுவரம் தீவையும் இணைத்த இந்த ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடலுக்குள் 140க்கும் மேற்பட்ட தூண்கள். அந்நாளில் சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் இந்தப் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தார்.

கப்பல் செல்லும் வழிக்கு மேலிருந்த தூக்குப் பகுதியைத்தான் நிதானமாகக் கவனிக்க வேண்டும். சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வகுத்த முறை அது. எஃகுச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, ரிவெட் அடித்துச் செய்த இரண்டு இறக்கைகள். ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் வில்போல் வளைந்தது. அந்த வளைவின்மேல் பின்னோக்கி உருண்டுதான் இறக்கை மேலெழும். பின்முனையில் எதிர் எடை இருந்ததால், தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் தள்ளியே நூற்றுக்கணக்கான டன் எஃகைத் தூக்கிக் கப்பலுக்கு வழிவிட்டார்கள். அந்தக் கைகளின் உழைப்பைச் சொல்லாமல் இந்தப் பாலத்தைச் சொல்ல முடியாது.

1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி கடலில் விழுந்தது. தூக்குப் பகுதி தப்பியது. இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில், மீனவர் துணையோடு கடலடியில் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தைச் சீர்செய்தார்கள்.

2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி நேர்செங்குத்தாக உயர்கிறது.